இராமாநுசன் பட்டியலில் விடுபட்ட எண்

6,746,328,388,800. ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் கோடி. இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கக்கூடிய எண்கள் 10,080 உள. ஒரு வாரத்திலுள்ள நிமிடங்களும் அத்தனையே என்பது வேடிக்கையான பொருத்தம்.

தன்னினும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான வகுஎண்களைக் கொண்டதை 'மிகு பகு எண்' எனலாம். 12-க்கு ஆறு வகுஎண்கள், 24-க்கு எட்டு, 60-க்குப் பன்னிரண்டு. நாளை அறுபது நாழிகையாகவும், ஆண்டுகளை அறுபதின் சுழற்சியாகவும் வகுத்துக்கொண்ட நம் முன்னோர்க்கு அறுபதின் வசதி நன்கு விளங்கியிருக்க வேண்டும். கிரேக்கப் பேரறிஞர் பிளேட்டோ தம் இலட்சிய நகரின் குடிகளை 5,040 எனக் கொண்டதும், அது பலவாறு பங்கிட இடந்தருவதாலேயே.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் 1912-இல் எழுத்தராய் அமர்ந்த சீனிவாச இராமாநுசன், 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்று, மறு ஆண்டிலேயே இவ்வெண்களைப் பற்றி அறுபது பக்கத்துக்கு மேற்பட்ட கட்டுரையை இலண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்டார். 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றது இவ்வாராய்ச்சிக்கே. 1729-ஐப் பற்றிய வாடகை வண்டிக் கதையை அறியாதார் இல்லை. இக்கட்டுரையை அறிந்தவரோ சிலர்.

அவர் கண்ட முறையை ஆறாம் வகுப்பு மாணவனும் தொடங்கிப் பார்க்கலாம். மேற்கண்ட பெரிய எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் வரும். ஒவ்வொரு முறையுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், அதாவது 7, 5, 3, 3 என்பவற்றோடு ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால், 10,080 கிடைக்கும். முறைகள் இறங்குவரிசையில் நிற்பதைக் காண்க. 3 ஆறு முறையும் 2 நான்கு முறையும் வந்திருந்தால், இரண்டையும் இடம் மாற்றியே அதே அளவு வகுஎண்களுடைய சிறிய எண்ணைப் பெற்றுவிடலாம்; எனவே பெரியது தகுதி இழக்கும். கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும், 4-உம் 36-உம் மட்டுமே விலக்கு என்றும் இராமாநுசன் நிறுவினார்.

பொறிகளின் துணையின்றி அவர் தந்த பட்டியலில் 102 எண்கள் உள்ளன. அதன் இறுதி எண்ணே மேலே கூறியது. ஆனால் அவ்வெல்லைக்குள் மிகு பகு எண்கள் உண்மையில் 103. விடுபட்டது 293,318,625,600. அதன் வகுஎண்கள் 5,040, பிளேட்டோவின் எண்ணேதான்! விந்தை யாதெனில், இதனை 23-ஆல் பெருக்கினால் அவர் பட்டியலின் இறுதி எண்ணே வருகிறது. பேரனைப் பதிந்தவர் தந்தையை விட்டுவிட்டார் என்பது போல! கோட்பாட்டில் பழுதில்லை, விடுபட்டது அட்டவணையில் ஒரு வரி மட்டுமே.

விடுபட்டது வேறொன்றும் உண்டு. முதல் உலகப் போர்க்காலத்தில் கணிதக் கழகத்துக்குப் பண முடை. ஆகவே கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. 1920-இல் இராமாநுசன் மறைந்தார். அப்பகுதியைப் பிரெஞ்சுக் கணித அறிஞர்களான நிக்கோலா, ரோபென் இருவரும் விளக்கக் குறிப்புகளுடன் 1997-இல் வெளியிட்டனர்.