மக்களும் ஊமையும்



ஜெர்மானியர் தம் மொழியை ‘டாய்ச்’ என்கிறார்கள். ‘மக்கள்’ என்று பொருள்தரும் பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது அது. 786-இல் போப்பாண்டவருக்குப் போன கடிதம் ஒன்று, இங்கிலாந்தில் கூடிய திருச்சபையின் தீர்மானங்கள் லத்தீனிலும் ‘தியோடிஸ்கே’யிலும் வாசிக்கப்பட்டதாகச் சொல்கிறது. அதாவது, படிக்காதவர்க்கும் புரியும் மக்கள் பேச்சில். அங்கே அது குறித்தது பழைய ஆங்கிலத்தை!

அதே வேர்தான் பின்னாளில் ஆங்கிலேயர் வாயில் நெதர்லாந்துக்காரரைக் குறிக்கும் ‘டச்சு’ ஆயிற்று. இத்தாலியர் வாயில் ஜெர்மானியரைக் குறிக்கும் ‘டெடெஸ்கோ’ ஆயிற்று.

ரஷ்யரோ ஜெர்மானியரை ‘நேமெட்ஸ்’ என்பர். அது ‘ஊமை’ என்ற சொல்லின் உறவு. தம்மை ‘மக்கள்’ என்றவர்களைப் பக்கத்து நாட்டார் ஊமை என்றார்கள். பேச்சு புரியவில்லை, அவ்வளவுதான்.

வெளியூர்களில் பிழைக்கும் என் பிள்ளைகளே, மொழி புரியாதவரை ஊமையாக்கிவிடாதீர்கள்.