இரண்டு வாயில்கள்: விண்ணப்பமும் நேர்முகத் தேர்வும்

வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதும் நேர்முகத் தேர்வுக்குச் செல்வதும் இக்கால இளைஞர்க்கு அன்றாடச் செயல்களாகத் தோன்றலாம். நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. விண்ணப்பிக்கும் உரிமையும், அழைத்த அறையில் நாற்காலியில் அமரும் உரிமையும் தாமாக வந்தவை அல்ல. அவ்வரலாற்றை அறிந்தோரே இவ்விரு வாயில்களையும் தலைநிமிர்ந்து கடப்பர் என்பது நம் துணிபு.

1893ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசனார் ஒரு மனுவை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரசு கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவ்வாறு நடத்தினால் உயர்பதவிகள் யாவும் மேல்சாதியினர் கைக்கே போகும், நம் மக்கள் மேலும் ஒடுக்கப்படுவர் என அவர் அஞ்சினார். அம்மனுவில் 3412 பேர் கையொப்பம் இட்டிருந்தனர். எழுதப் படிக்க வழியற்றிருந்த ஒரு கூட்டத்தார், தேர்வு என்பது யாரை உள்ளே விடும், யாரை வெளியே நிறுத்தும் என்று அன்றே சிந்தித்தனர் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

பின்னர் வாயில் சிறிது சிறிதாகத் திறந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் பிறந்த வகுப்புவாரி ஆணை, முத்தையா முதலியார் அமைச்சராயிருந்தபோது 1928இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 12 பணியிடங்களில் ஒன்று ஒடுக்கப்பட்டோர்க்கு உரியதாயிற்று. 1947இல் அது 14க்கு 2 என உயர்ந்தது. நடுவண் அரசுப் பணிகளிலோ, அண்ணல் அம்பேத்கர் வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த 1943இல்தான் நமக்கு எட்டேகால் விழுக்காட்டுக்குச் சற்று மிகுதியான ஒதுக்கீடு கிட்டியது. 1946இல் அது பன்னிரண்டரை விழுக்காடாயிற்று. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தோன்றியதும் அவர் அத்துறையில் இருந்த 1945இல்தான்.

ஆயினும் ஒதுக்கீடு வாயிலைத் திறந்ததேயன்றி, உள்ளே அமர்ந்திருந்தோர் மனத்தைத் திறக்கவில்லை. பட்டியல் சாதியினரில் முதல் ஐ.ஏ.எஸ். அதிகாரியான வங்காளத்து அச்யுதானந்த தாஸ் 1950ஆம் ஆண்டுத் தேர்வில் எழுத்துத் தாள்களில் 1050க்கு 613 மதிப்பெண் பெற்றார். நேர்முகத் தேர்விலோ அவருக்குக் கிடைத்தது 300க்கு 110. எழுத்தில் அவரைவிடக் குறைவாகப் பெற்றோர் நேர்முகத்தில் 260க்கு மேலும் பெற்று முன்னே சென்றனர். தாள் திருத்துவோர்க்கு எழுதியவர் இன்னாரெனத் தெரியாது. அறையில் இருப்போர்க்குத் தெரியும். இவ்வேறுபாட்டுக்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

இக்குறையை நாடும் மெல்ல உணர்ந்தது. 1980இல் கல்லூரிச் சேர்க்கை வழக்கொன்றில், நேர்முகத் தேர்வுக்கு மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் வழங்குவது முறையன்று என உச்சநீதிமன்றம் கூறியது. 1985இல் அரியானா அரசுப் பணி வழக்கில் அந்த அளவை 12.2 விழுக்காடாகக் குறைத்தது. 2016 சனவரி முதல் நடுவண் அரசின் கீழ்நிலைப் பணிகள் பலவற்றில் நேர்முகத் தேர்வே நீங்கியது. ஆனால் உயர்பணிகளிலும், ஒதுக்கீடு எட்டாத தனியார் நிறுவனங்களிலும் அந்த அறை இன்றும் இருக்கிறது. ஆகவே பயிற்சி இன்றியமையாதது.

இங்கே நம் தோல்வி ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பட்டம் பெற்ற புதிதில், 1990களின் தொடக்கத்தில், ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு அழைப்பு வந்தது. கேட்ட பாடக் கேள்விகளுக்கெல்லாம் விடை கூறினோம். இறுதியாக ஒருவர், "அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்றார். கூலி வேலை என்று சொல்ல நா எழவில்லை. தலை தாழ்ந்தது, குரல் தேய்ந்தது. வேலை கிடைக்கவில்லை. வேலை போனது அன்று வருத்தியது. நமக்குச் சோறிட்ட தந்தையின் உழைப்பைச் சொல்லக் கூசினோமே என்பது இன்றும் வருத்துகிறது. நம் மாணவர் எவரும் அவ்வாறு தலைகுனியக் கூடாது.

ஆதலின் இளைஞர்கள் சிலவற்றை மனத்திற் கொள்ளவேண்டும். விண்ணப்பம் என்பது இரந்து கேட்கும் ஓலையன்று. சான்றோடு கூடிய உரிமைச் சொல். பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே எங்கும் இருத்தல் வேண்டும். ஓரெழுத்து மாறியதால் அலைந்த மாணவர் பலரை நாம் அறிவோம். சாதிச் சான்றிதழை அறிவிப்பு வருமுன்னரே பெற்று வைக்கவேண்டும். தன்விவரக் குறிப்பு இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். அதில் இல்லாததை எழுதாதீர், இருப்பதை மறைக்காதீர். மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதியதும், இரவுப் பாடசாலையில் சிறுவர்க்குக் கற்பித்ததும், விடுமுறையில் கொத்தனாருடன் வேலை பார்த்ததும் அனுபவமே. எந்த ஆண்டு, எத்தனை மாதம், என்ன பொறுப்பு என்று தெளிவாக எழுதுக.

நேர்முகத் தேர்வில் பேசுவது பிறவிக் குணமன்று, பழக்கம். பெரிய வீட்டுப் பிள்ளைகள் அதிகாரிகளோடு பேசுவதை வீட்டிலேயே கற்றுவிடுகின்றனர். நம் பிள்ளைகட்கு அப்பழக்கத்தை நம் சங்கமே தரவேண்டும். ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் மேசையின் ஒருபுறம் பெரியவர் மூவர் அமரட்டும். மறுபுறம் இளைஞர் ஒருவர் அமர்ந்து விடை கூறட்டும். விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரியைப் பற்றியும் கேள்வி எழட்டும். தெரியாததைத் "தெரியவில்லை ஐயா" என்று தயங்காமல் சொல்லப் பழகட்டும். "அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்ற கேள்வியும் தவறாமல் கேட்கப்படட்டும். "கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார்" என்று கண்ணை நேரே பார்த்துச் சொல்லும் வரை அதைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

3412 பேர் கையொப்பமிட்ட மனுவின் வழித்தோன்றல்கள் நாம். அடுத்த விண்ணப்பத்தில் நீங்கள் கையொப்பமிடும்போது அதை நினைவிற் கொள்க.