சீவிய கொம்பு: ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பின் வரலாறு குறித்துச் சில ஐயங்கள்

ஜல்லிக்கட்டுக் காளையை எந்த வகையில் சேர்ப்பது என்ற கேள்விக்கு, 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டைத் தடைசெய்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரு விடை சொன்னது. அதற்கு முன்பே, 2011 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கத்தோடு காளையையும் காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் சேர்த்திருந்தது. காளையின் உடலமைப்பே வித்தைக்கு ஏற்றதன்று, அது ஏருக்கும் வண்டிக்கும் உரியது என்றது தீர்ப்பு. 2013 ஜனவரியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் விலங்கு நல வாரியத்தினர் பதிவு செய்தவை அதற்குச் சான்றாயின. வால் முறுக்கியதும், நெருக்கியடித்த வரிசையும், தீனி தண்ணீர் இல்லாத காத்திருப்பும் அவற்றுள் உண்டு. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்றுமே விழா நாளில் கண்டவை. ஒரு நாளைப் பார்த்து விலங்கின் இயல்பையே வரையறுத்ததில்தான் தீர்ப்பு இடறுகிறது.

மதுரைச் சமவெளியில் ஏர் இழுத்தது காயடித்த எருது. வாடிவாசலுக்கு வருவது காயடிக்காத காளை. இரண்டும் ஓர் இனமே என்றாலும் இரு வேறு வளர்ப்புகள். புலிக்குளம் மாடுகளைக் ‘கிடை மாடு’ என்று அழைக்கும் வழக்கு இதற்குத் துணை நிற்கிறது. மந்தையாக மேய்ந்து, இரவில் எருவுக்காக வயலில் கிடை போடப்பட்ட மாடுகள் அவை. மேய்ப்பவர் சிலரைத் தவிர வேற்று முகம் அறியாத மாடு, கூட்டத்தைக் கண்டால் மிரளும், பாயும். ஜல்லிக்கட்டுக்கு அந்த இனம் பெயர் பெற்றதற்கு ரத்தம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பழைய சான்றுகளில் முதன்மையானது கலித்தொகையின் 101ஆம் பாடல். சிவனின் கணிச்சிப் படைபோலக் கொம்பு சீவப்பட்ட ஏறுகளைத் தொழுவில் விட்டதை அது சொல்கிறது. உரையாசிரியர்கள் உவமையில் நின்றுவிடுவது வழக்கம். ‘சீவுதல்’ என்ற வினையைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். (தூண்டிவிடுவதைக் ‘கொம்பு சீவிவிடுதல்’ என்று இன்றும் சொல்கிறோம்.) காளை தலையைக் கொடுத்தால்தான் கொம்பைச் சீவ முடியும். தலையைக் கொடுப்பது நாள்தோறும் தீனி வைத்த கைக்கே. அப்படியானால் தொழுவில் சீறிய ஏறு காட்டு விலங்கன்று, வீட்டில் ஒருவரிடம் பழகியது. கட்டிப்போட்டும் சீவியிருக்கலாம் என்ற எதிர்வாதத்துக்குப் பாடலில் மறுப்பு இல்லை. இப்பாடல் அடங்கிய முல்லைக்கலியின் காலமும் அறிஞரிடையே தீராத வழக்கு. ஆகவே இதை வலுவான ஊகம் என்று கொள்ளலாம், முடிபு என்று கொள்வதற்கில்லை.

சேலம் அருங்காட்சியகத்திலுள்ள கருவந்துறை நடுகல் மிகவும் பிற்பட்டது. எருது விளையாட்டில் இறந்த சங்கனுக்கு மகன் நட்ட கல் அது. மாண்டவன் பெயரும் ஊரும் உண்டு, காளையைப் பற்றிப் பேச்சில்லை. தனி வளர்ப்பு எப்போது தொடங்கியது என்பதற்கு அந்தக் கல் உதவாது.

இன்றைய வளர்ப்புமுறையில் சான்றுக்குப் பஞ்சமில்லை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, உளுந்து எனத் தீனி தனியாக நடக்கிறது. காலையில் நடை, கண்மாயில் நீச்சல். நீச்சல் மூச்சை வளர்க்கும். குவித்த மண்ணைக் கொம்பால் குத்திக் கிளறுவது கழுத்துக்கும் திமிலுக்கும் பயிற்சி. பொங்கல் நெருங்கும்போது, வெளியே பாய்ந்ததும் திரும்பி நின்று ஆட்டம் காட்டுவதற்குப் பழகு வாடியில் விட்டுப் பார்ப்பார்கள்.

தடைக்குப் பின் ஜல்லிக்கட்டை மீண்டும் அனுமதித்த மாநில அரசின் 2017ஆம் ஆண்டு விதிகள் கால்நடை மருத்துவரின் சோதனை, காளை ஒன்றுக்கு 60 சதுர அடி இடம், அவிழ்க்குமுன் 20 நிமிட ஓய்வு ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. 2013இல் வாரியத்தினர் கண்ட குறைகளுக்கே இவை விடை. அந்த வகையில் பழைய தீர்ப்பு வீணாகவில்லை. அந்த அனுமதிக்கு அடிப்படையான மாநிலத் திருத்தச் சட்டத்தை 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஏற்றது.

வாடிவாசலில் மூக்கணாங்கயிற்றை அறுத்துவிட்டுத்தான் காளையை விடுகிறார்கள். ஓடி முடித்த காளைக்குப் புதுக் கயிறு மாட்ட, அதை வளர்த்தவரே கிட்டப் போகிறார்.