ஆஸ்துமா இன்ஹேலர்

ஆஸ்துமா மருந்தை உடம்பெல்லாம் சுற்றவிடாமல், மூச்சோடு நேரே நுரையீரலுக்கு அனுப்பும் கைக்கருவி இன்ஹேலர். இதனால் தேவைப்படும் மருந்தின் அளவு வெகுவாகக் குறைகிறது. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரின் ஒரு பஃப்பில் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. அதுவும் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாயை விரித்துவிடும். இருந்தும் 'இன்ஹேலர் கடைசிக் கட்ட மருந்து, பழகினால் விடாது' என்ற பேச்சு நம் ஊர்களில் ஓயவில்லை. மாத்திரைக்கு அஞ்சாதவர்கள் பஃப்புக்கு அஞ்சுவது விந்தைதான்.

மூச்சுவழி மருத்துவத்தின் வரலாற்றில் சென்னைக்கும் இடமுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவத் தலைவராக அங்கிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், ஊமத்தை வகைச் செடியின் புகையை இழுப்புக்குப் பரிந்துரைத்தார். சென்னையில் பணியாற்றிய ஜெனரல் ஜென்ட் 1802-ல் அந்த வழக்கத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார். ஆஸ்துமாக்காரர்களுக்கான சிகரெட் என்ற வினோதப் பண்டம் அதன்பின் நூறாண்டுக்கு மேல் விற்பனையானது. ஊமத்தை நஞ்சு, புகையில் அளவு பார்க்க வழியில்லை. ஆனால் அதிலுள்ள அட்ரோபின் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும் என்பது உண்மை. இன்றைய இன்ஹேலர் மருந்தான இப்ராட்ரோபியம் அந்த அட்ரோபினின் வழிவந்ததே.

அளவு பார்த்துக் கொடுக்கும் டப்பா 1956-ல் வந்தது. அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. ஹேர் ஸ்பிரேயைப் போல இந்த மருந்தும் டப்பாவில் வரக்கூடாதா என்று அவள் கேட்டதிலிருந்து பிறந்தது 'மெடிஹேலர்'.

கருவி வெற்றிபெற்றது, மருந்துதான் சிக்கலானது. 1960-களில் ஐசோபிரினலின் மருந்தை ஐந்து மடங்கு செறிவாக்கிய 'ஃபோர்ட்டே' இன்ஹேலர் விற்ற பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் ஆஸ்துமா மரணங்கள் கூடின. 1969-ல் வந்த சால்பியூட்டமால் இதயத்தை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாதது. ஆனால் நியூசிலாந்தில் ஃபெனோட்டெரால் என்ற வேறொரு நிவாரண மருந்து 1976 முதல் பரவ, அங்கே மீண்டும் மரணங்கள் ஏறின. 1989-ல் வெளிவந்த ஆய்வைத் தொடர்ந்து அதைக் கட்டுப்படுத்திய பிறகே எண்ணிக்கை இறங்கியது.

சுருங்கிய குழாயை விரிப்பது ஒரு வேலை. அதன் உட்சுவரின் அழற்சியைத் தணிப்பது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்வது ஸ்டீராய்டு. பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் 1972-ல் பிரிட்டனில் அறிமுகமானது. ஆனால் இழுத்த உடனே சுகம் தெரியாது. தொடர்ந்து எடுத்துவந்தால்தான் பலன். அதனால் நிவாரண இன்ஹேலர் சட்டைப்பையிலும், தடுப்பு இன்ஹேலர் அலமாரியிலும் தங்கிவிடுகின்றன. நிவாரண பஃப் அடிக்கடி தேவைப்பட்டால் உள்ளே அழற்சி அடங்கவில்லை என்று பொருள். 2019 முதல், பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்கிறது கீனா என்ற பன்னாட்டு ஆஸ்துமா அமைப்பு. ஸ்டீராய்டையும், குழாயை விரிக்கும் ஃபார்மோட்டெராலையும் சேர்த்த இன்ஹேலரையே நிவாரணத்துக்கும் முதல் தேர்வாக அது முன்வைக்கிறது.

சரியான மருந்து கையில் இருந்தும் பலர் ஏமாறுவது இழுக்கும் முறையில். ஸ்பிரே வகையைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதடுகளால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். பிறகு பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். முந்தி அழுத்தினால் மருந்து நாக்கில் படியும். பிந்தினால் தொண்டையோடு நின்றுவிடும். தூள் வகைக்கு இது நேர்மாறு: அங்கே தூளைக் கிளப்புவதே இழுப்பவரின் மூச்சு என்பதால் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் போட வேண்டிய கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுவோரும் உண்டு! ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம்.

குழந்தைகளுக்கும், இந்த நேரக்கணக்கு கைவராதவர்களுக்கும் ஸ்பேசர் என்ற இடைக்குடுவை உதவும். மருந்து அதில் சற்றுத் தங்குவதால் நிதானமாக இழுக்கலாம். கடையில் விற்கும் ஸ்பேசரை வாங்க முடியாத குடும்பங்களுக்காக, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் ஸார் தலைமையிலான குழு 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் பொருந்தும்படி துளையிட்டு, இடைவெளியை அடைத்துச் சோதித்தது. ஆஸ்துமா முற்றி வந்த குழந்தைகளிடம் அது விலைகொடுத்து வாங்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலைசெய்தது. கூடவே சோதித்த தெர்மாக்கோல் கோப்பை அவ்வளவு பயன்தரவில்லை. முடிவுகள் 1999-ல் லான்செட் இதழில் வந்தன.

டப்பாவிலிருந்து மருந்தைத் தள்ளும் வாயுவுக்கும் ஒரு கதை உண்டு. ஓசோன் படலத்தை அரித்த சிஎஃப்சி, 1987-ன் மாண்ட்ரியல் உடன்பாட்டுக்குப் பின் படிப்படியாக விலக்கப்பட்டது. மாற்றாக வந்த எச்எஃப்ஏ ஓசோனைத் தொடவில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடை விட ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது என்பதால், இப்போது அதற்கும் மாற்றுத் தேடுகிறார்கள் மருந்து உற்பத்தியாளர்கள். தூள் வகைக்கு இந்த வாயு தேவையே இல்லை.