துளை அட்டையும் திரைத் திருடனும்

யதார்த்தம் என்று பேசத் தொடங்கினால் நாம் வறுமை, பேச்சுவழக்கு இரண்டோடு நின்றுவிடுகிறோம். ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்ற தொழில் நுணுக்கமும் யதார்த்தத்தைச் சேர்ந்ததுதான் என்ற பிரக்ஞை நம் விமர்சனத்தில் இல்லை. கம்ப்யூட்டருக்குள் புகுந்து திருடுகிறவனை நம் கதைகளும் சினிமாவும் காட்டிவந்த விதத்தைப் பார்த்தால் இந்தக் குறைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது புலப்படும்.

நான் சேலம் அம்மாபேட்டைக்காரன். தறியை அறிந்த ஊர். பாவு பிரியுமுன்பே நாடா ஓடுவதாகப் படத்தில் ஒரு காட்சி வந்தால் இங்கே கொட்டகையில் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறோம்? தொழிலை அறிந்ததால். கம்ப்யூட்டர்த் திருட்டைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, வாயைப் பிளக்கிறோம். அறியாமையைப் பிரமிப்பாக மாற்றிக் கொடுப்பது கலையல்ல, வித்தை.

இத்தனைக்கும் கம்ப்யூட்டரின் பாட்டன் எங்கள் தறிமேல்தான் உட்கார்ந்திருக்கிறான். 1804இல் பிரான்சில் ஜக்கார்டு அமைத்த முறையில், அட்டையில் துளை இருந்தால் இழை எழும்பும், இல்லையென்றால் கிடக்கும். பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்கு இந்த அட்டையைத்தான் நினைத்தார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணினார். அட்டையில் ஒரு துளை தப்பினால் அந்தத் தப்பு பூவுக்குப் பூ துணியில் திரும்ப வரும். எந்திரம் மாயம் செய்யாது, சொன்னதைச் செய்யும், தவறாகச் சொன்னதையும் செய்யும் என்பது நெசவாளிக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் புகுகிறவனின் மூலதனமும் இதே அறிவுதான்.

1983இல் வந்த 'வார் கேம்ஸ்' என்ற அமெரிக்கப் படம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. அதில் வரும் பையன் பள்ளி அலுவலகத்தில் எழுதி வைத்திருக்கும் கடவுச்சொல்லைப் பார்த்துக்கொள்கிறான். வரிசையாகத் தொலைபேசி எண்களைச் சுற்றவிட்டு எங்கே கம்ப்யூட்டர் பதில் சொல்கிறதென்று பார்க்கிறான். படத்தைப் பார்த்த ஜனாதிபதி ரீகன் இது நடக்கக்கூடியதா என்று தளபதிகளைக் கேட்டார். நடக்கக்கூடியதுதான் என்று பதில் வந்தது. 1984இல் கம்ப்யூட்டர்ப் பாதுகாப்புக்கென்று ஓர் அரசாணை பிறந்தது. கற்பனை சரியாக இருந்ததால் அரசு விழித்தது.

தமிழில் இந்தத் துறையைத் திறந்தவர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றியவர்; மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்குகொண்டவர். அவரால் எழுதியிருக்க முடியும். ஆனால் 1986இல் வந்த 'விக்ரம்' ஏவுகணையையும் கம்ப்யூட்டரையும் சாகசத்தின் அலங்காரப் பொருள்களாகவே வைத்துக்கொண்டது. சுஜாதாவுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூடத் திரைக்கு வரவில்லை என்பது என் அபிப்பிராயம். 2018இல் மித்ரன் இயக்கிய 'இரும்புத்திரை' ஓரளவு துணிந்தது. கடனுக்காகக் கொடுத்த விவரங்கள் தரகர் வழியே கைமாறிப் பணம் போவது வரை அதில் காரியமும் காரணமும் இருக்கின்றன. பிறகு வில்லன் சர்வவல்லமை பெறுகிறான். படம் புராணமாகிறது.

உண்மை இதைவிடச் சுவாரஸ்யமானது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து 10 கோடி டாலர் வெளியேறியது. திருடர்கள் கேட்டது 95 கோடி. ஒரு மின்னஞ்சல் வழியாக நுழைந்து பல மாதம் காத்திருந்தார்கள். வங்கதேச வாரவிடுமுறையையும் மணிலாவின் சீனப் புத்தாண்டு விடுமுறையையும் கணக்கிட்டு நாள் குறித்தார்கள். வங்கியின் அச்சு எந்திரம் வேலை செய்யாமல் கிடந்தது. அங்கிருந்தவர்கள் வழக்கமான பழுது என்று எண்ணினார்கள். 8.1 கோடி பிலிப்பைன்ஸுக்குப் போனது. இலங்கைக்குப் போக இருந்த 2 கோடி, பெறுகிற நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததால் சிக்கிக்கொண்டது. பச்சை எழுத்துகள் ஓடும் கரும்திரை இதில் எங்குமே முக்கியமில்லை. நம்பிக்கை, விடுமுறை, பழுது, எழுத்துப்பிழை: ஒரு நல்ல நாவலாசிரியனின் சரக்கு.

எங்கள் தெருவில் ஒரு நெசவாளிக்குத் தொலைபேசி வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன குரல் ஆறு இலக்க எண்ணைக் கேட்டது, சொன்னார். கூலிச் சேமிப்பு போயிற்று. "அவனுகள்லாம் பெரிய மூளைக்காரனுங்க தம்பி, நம்மால என்ன ஆகும்?" என்றார். இந்த வாக்கியத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தது நம் சினிமா. எதிரி மந்திரவாதி என்றால் எதிர்ப்பதில் அர்த்தமில்லை. எதிரி, ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு நாளெல்லாம் எண்களைச் சுற்றுகிற கூலிக்காரன் என்று தெரிந்திருந்தால் அவர் உடனே 1930க்குப் பேசியிருப்பார். ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறை சொல்கிறது. அவர் புகாரே கொடுக்கவில்லை, வெட்கப்பட்டார்.

ஆகவே நான் கேட்பது திரையில் சரியான கட்டளை வரிகள் ஓட வேண்டும் என்பதல்ல. அதை எந்தத் தொழில்நுட்ப ஆலோசகரும் செய்து கொடுப்பார். கேட்பது காரணத்தின் யதார்த்தம். எந்தத் துளை வழியே எந்த இழை எழும்பியது என்று எழுத்தாளன் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவரை நம் கதைகளில் திருடன் ஜெயித்துக்கொண்டே இருப்பான், கதைக்கு வெளியிலும்.