உள்நின்று உணர்த்தும் பெருமான்

திருச்சிற்றம்பலம்



இச்சுந்தரபாண்டியத்தில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் தெரிகின்றது. அதன்கண் சதுரகிரியில் சுந்தரமகாலிங்கப் பெருமான் வீற்றிருக்கின்றார். கிழக்கே சென்றால், இதே விருதுநகர் மாவட்டத்தில், சுந்தரமூர்த்தி நாயனாரின் திருப்பதிகம் பெற்ற திருச்சுழியல் உள்ளது. இன்று திருச்சுழி என வழங்கும் அத்தலத்தில் பிறந்த ஒரு பிள்ளையின் வரலாற்றையே இவ்விழா நன்னாளில் சிந்திக்கப் புகுகின்றோம்.

விரிவுரை முடிந்தபின் அன்பர் சிலர் அடியேனிடம் வந்து கேட்பதுண்டு: “எல்லாவற்றையும் இறைவனிடம் விட்டுவிடு என்கிறீர்கள், உள்ளே நிற்பவனை நம்பு என்கிறீர்கள். உள்ளே பேசுவது இறைவனா, எங்கள் ஆசையா என்று எப்படி அறிவது?” இக்கேள்வி எளிதன்று. இதற்கு விடை தெரியாமல், சோம்பலைத் துறவென்றும், கோபத்தை வைராக்கியமென்றும் எண்ணிக் குடும்பத்தைக் கண்ணீரில் விட்டுச் சென்றோர் உண்டு. ஆதலின், மெய்யாகவே விட்டவர் ஒருவர் எவ்வாறு விட்டார் என்று பார்ப்பது நமக்கு நலம் தரும்.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், திருவாதிரைத் திருநாளின் நள்ளிரவு கடந்த வேளையில், திருச்சுழியில் சுந்தரம் ஐயருக்கும் அழகம்மைக்கும் இரண்டாம் மகவாகத் தோன்றினார் வேங்கடராமன். அவரே பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் போற்றிய பெரியவர். 1892இல் தந்தையார் காலமானார். பிள்ளையும் அண்ணன் நாகசாமியும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் இல்லத்தில் தங்கிப் படித்தனர். படிப்பில் பெரிய நாட்டம் இல்லை, விளையாட்டில் உண்டு. அவ்வில்லத்திற்கு இரவலாக வந்த பெரிய புராணம் அவர் கையிற் கிடைத்தது. நாயன்மார்களின் அன்பும், அவர்கள் எதையும் விடத் துணிந்த உறுதியும் அவ்விளம் உள்ளத்தை உருக்கின.

1896ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் நடுவில் ஒருநாள், மாடி அறையில் தனித்திருந்த அவரை மரண அச்சம் திடீரெனப் பற்றியது. நோய் ஒன்றும் இல்லை. வயது 16. நம்மில் ஒருவராயின் மருத்துவரைத் தேடி ஓடியிருப்போம். உறவினரையேனும் கூவி அழைத்திருப்போம். அவரோ பிணம்போல் நீட்டிப் படுத்து, வாயை மூடி, மூச்சை அடக்கி, சாவது எது என்று உள்ளே ஆராய்ந்தார். உடல் சவமாயினும், அதனை அறிந்து நிற்கும் ஒன்று சாகவில்லை என்பது அவருக்கு நூலறிவாக அன்றி நேர் அனுபவமாக விளங்கிற்று. அன்றோடு அச்சம் அகன்றது.

அதன்பின் அவர் மாலைதோறும் மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குச் சென்றார். அறுபத்து மூவர் திருமுன் நின்று, இவர்களது அன்பு தமக்கும் வாய்க்க வேண்டுமென வேண்டினார். சிலநாள் வேண்டுதலும் நின்றது. கண்ணீர் மட்டும் பெருகிற்று. கேட்பவனும் கேட்கும் பொருளும் அடங்கிய இடத்தில் அன்பு ஒன்றே எஞ்சியது எனலாம்.

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்காத குற்றத்திற்காக அதனை மூன்றுமுறை எழுதிவரப் பள்ளியில் பணித்திருந்தனர். இரண்டுமுறை எழுதியவர் ஏட்டை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்னும் கருத்தில் அண்ணன் கடிந்துரைத்தார். அச்சொல் தைத்தது. உண்மைதானே, இங்கே நமக்கு என்ன வேலை என்று அவர் எழுந்தார். பள்ளியில் தனி வகுப்பு இருப்பதாகக் காரணம் கூறினார். அப்படியானால் போகும் வழியில் தமது கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்திவிடுமாறு, பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணன்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நிற்போம். கையில் வந்த ஐந்து ரூபாயில் அவர் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டார். தம் தந்தையைத் தேடி, அவர் ஆணைப்படியே புறப்படுவதாகவும், யாரும் வருந்தவோ தேடிப் பணம் செலவிடவோ வேண்டாமென்றும், கல்லூரிக் கட்டணம் செலுத்தப்படவில்லை என்றும் அதில் குறித்திருந்தார். ‘நான்’ எனத் தொடங்கிய கடிதம், அடுத்த வாக்கியத்தில் ‘இது’ என்று மாறி, முடிவில் கையெழுத்தே இன்றி நின்றது. தன்பெயரை எழுதவும் அங்கே ஒருவர் இல்லாமற் போயினார்!

வீட்டை விடுபவன் ஐந்தையும் எடுத்திருக்கலாம். வழியோ அறியாத வழி. ஆயினும் தேவைக்கு மேற்பட்டதை உரியவர்க்கே வைத்தார். கட்டணம் செலுத்தாததை மறைக்காமல் உரைத்தார். வாயால் சொன்ன காரணத்தின் குறையைக் கடிதம் தீர்த்தது. உள்ளிருந்து எழுந்தது ஆசையாயின், அது பிறர் பொருளைக் கணக்குப் பார்த்து வைத்திராது. இறைவன் அழைப்புக்கு முதல் அடையாளம் இந்த இரண்டு ரூபாய்.

அவர் கண்ட பழைய தேசப்படத்தில் திருவண்ணாமலைக்கு இருப்புப்பாதை காட்டப்படவில்லை. திண்டிவனமே அருகான நிலையம் எனக் கருதி, 2 ரூபாய் 13 அணாவுக்குச் சீட்டு வாங்கினார். வண்டியில் இருந்த முதிய மௌல்வி ஒருவர், விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே வண்டி உண்டு என்று தாமாகவே தெரிவித்தார். படம் பிழைத்தது, பெருமான் பிழைக்கவில்லை. துணை எந்த வடிவில், எந்தச் சமயத்தார் வாயிலாக வரும் என்று நாம் வரையறுக்க இயலுமோ?

கைப்பொருள் மாம்பழப்பட்டு வரையிலேதான் இடம் கொடுத்தது. அப்பால் நடந்து, திருஞானசம்பந்தர் பாடியருளிய அறையணிநல்லூர்த் திருக்கோயிலை அடைந்தார். பசி வாட்டிற்று, பிரசாதம் மறுக்கப்பட்டது. அடுத்துச் சென்ற கீழூர் வீரட்டானத்தில் கோயில் வாத்தியக்காரர் ஒருவர் தம் பங்கை இப்பிள்ளைக்குத் தருமாறு சொன்னார். அத்திருக்கோவலூர், மெய்ப்பொருள் நாயனார் அரசிருந்த ஊர் என்பதை ஈண்டு நினைவு கூர்க. திருநீற்று வேடத்தையே மெய்ப்பொருளாகக் கொண்ட அவர், அவ்வேடத்தில் வந்து தம்மைக் குத்தியவனுக்கும் தீங்கு நேராமல் காத்து அனுப்பினார். உயிரையே விடும்போதும் பிறர்க்குத் தீங்கு வாராமற் காப்பதே அடியார் மரபு.

மறுநாள் முத்துகிருஷ்ண பாகவதர் என்னும் அன்பரிடம் தம் காதிலிருந்த கடுக்கனை ஈடுவைத்து 4 ரூபாய் பெற்றார். அதனை மீட்பதற்கான சீட்டைப் பெற்றுக்கொண்டு, பின்னர்க் கிழித்தெறிந்தார். திரும்பும் வழி அங்கே அடைபட்டது. செப்டம்பர் 1ஆம் நாள் காலை அருணாசலேசுவரர் சந்நிதியை அடைந்து, அப்பனே, வந்துவிட்டேன் என்னும் நிலையில் நின்றார். எஞ்சிய காசையும் தின்பண்டப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் எறிந்தார். பாதாளலிங்கக் குகையில் பூச்சிகள் உடலை அரிப்பதும் அறியாது இருந்தவரைச் சேஷாத்திரி சுவாமிகள் கண்டு காக்க முயன்றார்.

அந்தத் தாயின் நிலை யாது? 1898 டிசம்பரில் பவழக்குன்றுக்கு வந்து அழகம்மை பலநாள் அழுதார். மகன் பேசவில்லை. முடிவில் ஒரு தாளில், அவரவர் வினைக்கேற்ப இறைவனே நடத்துகின்றான், நடவாதது எத்தனை முயன்றாலும் நடவாது, நடப்பது தடுத்தாலும் நில்லாது என்னும் கருத்தை எழுதிக் கொடுத்தார். கல்நெஞ்சம் என்று அன்று தோன்றியிருக்கும். ஆனால் 1916இல் அத்தாய் மகனிடமே வந்து தங்கினார். 1922 மே 19ஆம் நாள் அவர் உயிர் பிரியும் வேளையில், தலையிலும் நெஞ்சிலும் கைவைத்து அருகிருந்தவர் அந்த மகனே. தாயின் சமாதியில் எழுந்ததே மாத்ருபூதேசுவரர் ஆலயம். அதனைச் சூழ்ந்து வளர்ந்ததே ரமணாசிரமம். மெய்யாக விட்டவர் யாரையும் இழப்பதில்லை. இழக்கச் செய்வதும் இல்லை.

ரமணர் காட்டிய நெறியை அத்துவிதத்தோடு சேர்த்துப் பேசுவர். சித்தாந்தம் பயின்ற அடியேன் போன்றோர், உயிரே இறைவன் எனக் கூறார். உயிருக்குயிராய் அவன் உள்நிற்கின்றான் என்பர். அவ்வேறுபாட்டை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் மெய்கண்டாரின் சிவஞான போதம் எட்டாம் சூத்திரம் உரைப்பது என்ன? உள்ளே நின்ற முதல்வனே குருவாய்ப் புறத்தே வந்து, ‘நீ அரசன் மகன், ஐம்புல வேடரிடை வளர்ந்து உன்னை மறந்தாய்’ என்று உணர்த்துகின்றான் என்பதே. மதுரையில் உள்ளே அழைத்தவன் அண்ணாமலையில் மலையாய் நின்றான் என்று கொண்டால், இவ்வரலாறு அச்சூத்திரத்திற்கு ஓர் எடுத்துக்காட்டாகவே அமைகின்றது.

மனம் வேறு, உள்நின்று உணர்த்துவோன் வேறு. மனம் ‘எனக்கு’ என்று கூறும், அவன் கூறான். மனம் உடன் பயனைத் தேடும். அவன் பசியிலும் நடக்க வைப்பான். மனம் செய்யவேண்டிய கடனைத் தட்டிக் கழிக்கும். அவன் உரியவர்க்கு உரியதை வைத்துவிட்டே வரச் சொல்லுவான். நம்மை நாமே சோதித்துக்கொள்ளும் கல் இதுவே.

எல்லோரும் வீட்டை விட்டு நடக்க வேண்டும் என்பதன்று இவ்வரலாற்றின் கருத்து. பின்னாளில் தம்மிடம் வந்து துறவு கேட்ட இல்லறத்தார் பலரை, இருக்கும் இடத்திலேயே இருந்து ‘நான்’ என்னும் முனைப்பை விடுமாறு ரமணரே கூறினார். தறியிலும் வயலிலும் கடையிலும் உழைப்பவர்க்கும் இது கூடும். இரவு திருநீறு அணிந்து விளக்கின்முன் சிறிதுபொழுது அமருங்கள். இன்று எதனை எனது எனது என்று பற்றினேன், யாருக்கு உரியதை வைத்துக்கொண்டிருக்கின்றேன் என்று கேளுங்கள். உரியதைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எழுந்தால், அங்கே பேசுவது அவனே. அக்குரலை நம்பலாம்.

தந்தையைத் தேடிச் சென்ற அப்பிள்ளைக்கு வழிகாட்டிய பெருமான் நமக்கும் உள்நின்று உணர்த்துவானாக.

திருச்சிற்றம்பலம்