முட்டுக்கொடுத்த கருவூலம்: கார் நிறுவனங்களை அரசுகள் மீட்ட வரலாறு, 1975–2013

2008 நவம்பர் 19 அன்று வாஷிங்டனில், பிரதிநிதிகள் சபையின் நிதிச் சேவைக் குழு முன் அமெரிக்கக் கார்த் தொழிலின் மூன்று தலைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் (ஜி.எம்.) ரிக் வேகனர், ஃபோர்டின் ஆலன் முலாலி, கிரைஸ்லரின் ராபர்ட் நார்டெல்லி. அவர்கள் கேட்டது 2,500 கோடி டாலர். குழு உறுப்பினர் பிராட் ஷெர்மன், பயணிகள் விமானத்தில் வந்தவர்கள் கை தூக்கலாம் என்றார். ஒரு கையும் எழவில்லை. மூவரும் நிறுவன ஜெட்டில் வந்திருந்தார்கள். அதை விற்றுவிட்டுப் பயணிகள் விமானத்தில் ஊர் திரும்பத் தயாரா என்று அடுத்துக் கேட்டார். அப்போதும் கை எழவில்லை. மறு மாதம் இரண்டாம் முறையாக வந்தபோது டெட்ராய்ட்டிலிருந்து காரிலேயே வந்து சேர்ந்தார்கள்.

கேலிக்குத் தோதான காட்சிதான். ஆனால் மந்த காலத்தில் நொடிந்த கார் நிறுவனத்தை அரசு தூக்கி நிறுத்தலாமா என்ற கேள்விக்கு ஜெட் விமானத்தில் விடை இல்லை. பிரிட்டிஷ் லேலண்ட் (1975), கிரைஸ்லர் (1980), ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் (2008–09) என்ற மூன்று மீட்புகளை இக்கட்டுரை வரிசையாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றிலும் நிபந்தனை முந்தியதா, பணம் முந்தியதா என்று பார்த்தால், முடிவுகள் ஏன் அவ்வளவு வேறுபட்டன என்பது விளங்கும்.

முதலாளியான அரசு

பிரிட்டிஷ் லேலண்டை 1968இல் கூட்டிச் சேர்த்ததிலேயே அரசின் கை இருந்தது. லாரி, பேருந்து செய்து லாபம் பார்த்த லேலண்ட் மோட்டார்ஸை, ஆஸ்டின், மோரிஸ் கார்களைச் செய்து தள்ளாடிய பிரிட்டிஷ் மோட்டார் ஹோல்டிங்ஸோடு இணைக்க ஹெரால்ட் வில்சன் அரசு ஊக்கம் கொடுத்தது. அமைச்சர் டோனி பென் அதில் முன்னின்றார். தள்ளாட்டம் எந்த அளவுக்கு என்பதற்கு மினி காரே சாட்சி. போட்டி நிறுவனமான ஃபோர்டின் ஆட்கள் ஒரு மினியை வாங்கி, பிரித்துப் போட்டு, செலவைக் கணக்கிட்டார்கள். விற்கும் ஒவ்வொரு காரிலும் சுமார் 30 பவுண்டு கைநட்டம் என்று தெரிந்தது. நாடே கொண்டாடிய கார் அது. 1973இல் வந்த அலெக்ரோவுக்கோ சதுரமும் இல்லாமல் வட்டமும் இல்லாமல் ஒரு ஸ்டீயரிங் வைத்தார்கள். யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து 1974 இறுதியில் கையிருப்பு தீர்ந்தது. அரசு கேட்டு 1975 ஏப்ரலில் வெளியான ரைடர் அறிக்கை, நோய் முதலீட்டுப் பற்றாக்குறை என்று கண்டது. பல ஆண்டுகளில் 140 கோடி பவுண்டு போட வேண்டும் என்றது. பங்குகளில் பெரும்பகுதியை அரசே வாங்கிக்கொண்டது. பணத்தைத் தவணையாகத் தர வேண்டும், முன்னேற்றம் கண்ட பிறகே அடுத்த தவணை என்றும் அறிக்கையில் இருந்தது. ஆனால் நிறுவனத்துக்கு அரசே முதலாளி என்றான பிறகு, தவணையை நிறுத்துவேன் என்ற மிரட்டலை யார் நம்புவார்கள்? நிர்வாகமும் நம்பவில்லை, தொழிற்சங்கமும் நம்பவில்லை. ஆட்குறைப்பும் ஆலை மூடலும் 1977இல் மைக்கேல் எட்வர்ட்ஸ் தலைவராக வந்த பிறகே வேகம் பிடித்தன. சந்தையே தீர்ப்புச் சொல்லட்டும் என்று ஆட்சிக்கு வந்த மார்கரெட் தாட்சரும் 1981இல் மேலும் 99 கோடி பவுண்டு கொடுத்தார். மூடினால் வேலையிழப்பும் உதிரிபாக ஆலைகளின் சரிவும் அதைவிடக் கூடுதல் செலவு வைக்கும் என்பதே கணக்கு.

பிறகு நடந்தது துண்டு துண்டான விற்பனை. 1984இல் ஜாகுவார் தனியாகப் போனது. ரோவர் என்று பெயர் மாறிய மிச்சத்தை 1988இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் 15 கோடி பவுண்டுக்கு வாங்கி, 1994இல் பி.எம்.டபிள்யூவிடம் 80 கோடிக்கு விற்றது. 2000இல் பி.எம்.டபிள்யூ ரோவரைக் கைகழுவியபோது விலை 10 பவுண்டு. 2005 ஏப்ரலில் அதுவும் மூழ்கி, சுமார் 6,000 பேர் வேலையிழந்தார்கள்.

இந்தக் கதையில் எண்ணூருக்கும் ஓர் இடம் உண்டு. ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், லேலண்டின் முதலீட்டோடு 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1975இல் லேலண்ட் அரசுடைமையானபோது, எண்ணூர் ஆலையில் அதற்கிருந்த பங்கும் சுற்றுவழியாகப் பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போனது. 1987இல்தான் அந்தப் பங்கு இந்துஜா குழுமத்தின் பக்கம் வந்தது. இன்றும் நம் ஊர்ப் பேருந்துகளின் நெற்றியில் அந்தப் பெயர் ஓடுகிறது.

பிணை நின்ற அரசு

1979இல் கிரைஸ்லரின் நட்டம் சுமார் 110 கோடி டாலர். ஈரான் புரட்சியால் பெட்ரோல் விலை ஏறியிருந்தது; கிரைஸ்லரின் விற்பனை முற்றங்களில் பெரிய கார்கள் வெயில் காய்ந்தன. ஃபோர்டு வெளியேற்றிய லீ அயகோக்கா கிரைஸ்லரின் தலைமையை ஏற்று அரசின் கதவைத் தட்டினார். செனட் வங்கிக் குழுத் தலைவர் வில்லியம் பிராக்ஸ்மயர் கடுமையாக எதிர்த்தார். ஜிம்மி கார்ட்டர் 1980 ஜனவரி 7 அன்று கையெழுத்திட்ட சட்டம் கிரைஸ்லருக்கு ஒரு டாலர்கூட நேரடியாகத் தரவில்லை. 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு அரசு பிணை நிற்கும், அவ்வளவுதான். அதற்கும் முன்பாக வங்கிகள், தொழிலாளர்கள், டீலர்கள், உதிரிபாகக்காரர்கள், மாநில அரசுகள் எல்லாரும் சேர்ந்து ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். வாகனத் தொழிலாளர் சங்கத்தின் பங்கு மட்டும் 46.25 கோடி. பதிலுக்குச் சங்கத் தலைவர் டக்ளஸ் ஃப்ரேசருக்கு இயக்குநர் குழுவில் இடம் கிடைத்தது.

நிறுவனம் 120 கோடியைப் பயன்படுத்தி, 1983 ஆகஸ்டில், கெடுவுக்கு ஏழாண்டு முன்பே அடைத்துவிட்டது. அதற்குப் பின் நடந்ததுதான் சுவையானது. பிணை நின்றதற்கு ஈடாக, கிரைஸ்லர் பங்குகளைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமைப் பத்திரங்கள் அரசிடம் இருந்தன. கடனைத்தான் அடைத்தாயிற்றே, அவற்றை விட்டுக்கொடுங்கள் என்றது நிறுவனம். அரசு ஏலம் விட்டது. கிரைஸ்லரே 31.1 கோடி டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டது.

இதை முழு வெற்றி என்று எழுதுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1981இல் அமெரிக்க நெருக்கடிக்கு இணங்கி ஜப்பான் தன் கார் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16.8 லட்சமாகக் கட்டுப்படுத்திக்கொண்டது. போட்டி தணிந்தது, கார் விலை ஏறியது. மீட்புச் செலவில் ஒரு பங்கு, கார் வாங்கியவர் சட்டைப்பையிலிருந்து போனது.

நீதிமன்றம் வழியாக

2008இல் வேறொரு சிக்கல். வழக்கமான திவால் நடைமுறை போதும், அரசு பணம் தர வேண்டியதில்லை என்று குடியரசுக் கட்சி அரசியல்வாதி மிட் ராம்னி எழுதினார். வாதத்தில் பாதி சரி. திவாலான நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பில் ஆலையை ஓட்டிக்கொண்டே கடன்களைச் சீரமைக்கலாம். ஆனால் அந்த இடைக்காலத்தில் சம்பளத்துக்கும் இரும்புக்கும் யாராவது கடன் தர வேண்டும். முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் விழுந்த பிறகு அந்த அளவுக்குக் கடன் தர அமெரிக்காவில் எந்த வங்கியிடமும் தெம்பு இல்லை. அரசுப் பணமின்றி ஜி.எம். திவாலானால், அது சீரமைப்பில் முடியாது; இயந்திரங்கள் ஏலத்துக்குப் போகும். மீட்பு நிதி பெறாத ஃபோர்டே போட்டியாளர்களைக் காப்பாற்றச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மூன்று நிறுவனங்களுக்கும் பெரும்பாலும் ஒரே உதிரிபாகக்காரர்கள். ஜி.எம். நின்றால் ஃபோர்டுக்கும் பிரேக் வராது.

டிசம்பர் 11 அன்று மீட்பு மசோதா செனட்டில் விழுந்தது. எட்டு நாள் கழித்து ஜார்ஜ் புஷ், வங்கிகளுக்காக ஒதுக்கிய 70,000 கோடி டாலரிலிருந்து 1,740 கோடியை ஜி.எம்.முக்கும் கிரைஸ்லருக்கும் கடனாக அறிவித்தார். 2009 மார்ச் 31க்குள் பிழைக்கும் திட்டம் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஒபாமா அமைத்த, ஸ்டீவன் ராட்னர் வழிநடத்திய குழு இரு திட்டங்களையும் தள்ளியது. வேகனர் பதவி விலக நேர்ந்தது. லேலண்ட் விஷயத்தில் யாரும் நம்பாத மிரட்டல் இங்கே நடந்தேறியது. ஏப்ரல் 30இல் கிரைஸ்லரும் ஜூன் 1இல் ஜி.எம்.மும் திவால் நீதிமன்றம் புகுந்தன. ஜூலை 10இல் புதிய ஜி.எம். வெளியே வந்தபோது அதில் 60.8 விழுக்காடு அமெரிக்க அரசுடையது. பான்டியாக், சாட்டர்ன், ஹம்மர் பெயர்கள் போயின.

அரசு பணம் போட்டவர் என்ற முறையில் யாருக்கு எவ்வளவு என்பதையும் வகுத்தது. கிரைஸ்லரில் அடமானத்தோடு கடன் கொடுத்தவர்களுக்கு டாலருக்கு 29 சென்ட் கிடைத்தது. தொழிலாளர் மருத்துவ நிதிக்குப் பங்குகளில் 55 விழுக்காடு போனது. அப்படிக் கடன் கொடுத்தவர்களுள் அடங்கிய இந்தியானா மாநிலத்து ஓய்வூதிய நிதிகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றும் விற்பனையை நிறுத்த முடியவில்லை. கடன் வரிசையின் முறை கலைந்தது என்ற அவர்கள் குறையைத் தள்ளிவிட முடியாது.

2013 டிசம்பரில் அரசு கடைசி ஜி.எம். பங்கை விற்றது. கார்த் தொழிலுக்குப் போட்ட ஏறத்தாழ 8,000 கோடி டாலரில் முடிவாக நின்ற நட்டம் சுமார் 930 கோடி. பெரும் வேலையிழப்பைத் தவிர்த்ததற்கு அது அதிக விலை அன்று என்பதே என் முடிவு.

ஆனால் 930 கோடியோடு கணக்கு முடியவில்லை. பழைய ஜி.எம்.மின் வழக்குப் பொறுப்புகள் பழைய நிறுவனத்தோடு விடப்பட்டன. 2014இல் பற்றவைப்புச் சுவிட்ச் பழுதுக்காக 26 லட்சம் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட சாவுகள் 124. புதிய நிறுவனம் திவால் ஆணையைக் கேடயமாகப் பிடித்தது; அதை முறியடிக்க 2016 வரை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியிருந்தது. தொழிற்சங்கம் ஜி.எம்.மிலும் கிரைஸ்லரிலும் 2015 வரை வேலைநிறுத்த உரிமையை விட்டுக்கொடுத்தது. பழைய தொழிலாளி மணிக்கு 28 டாலர் வாங்கிய அதே வரிசையில், புதிதாகச் சேர்ந்தவர் ஏறத்தாழ 14 டாலருக்கு நின்றார். அந்த இரட்டைச் சம்பள அடுக்கை ஒழிக்க வேண்டும் என்பது 2023 செப்டம்பரில் மூன்று நிறுவனங்களிலும் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. ஆறு வாரம் நீடித்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகே அடுக்குகளில் பெரும்பாலானவை நீங்கின.